மகன் இளைக்க வேண்டும் என்பதற்காக மாத்திரையை நிறுத்தலாமா?

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து 56 வயதுத் தாய் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கான பதில் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, பதிலுக்குத் தேவையானதை மட்டும் முதலில் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய ஒரே மகனுக்கு இப்போது வயது 29. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 3 ஆண்டுகளுக்கு முன், அலுவலகத்தில் உள்ளவர்கள் தன்னை வேவு பார்க்கிறார்கள் என்ற எண்ணமும், ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பதுமாக நோய் தொடங்கியது. மதுரையில் ஒரு மனநல மருத்துவர் அதை மனச்சிதைவு நோய் என்று கண்டறிந்து, இரவில் ஓலன்சாபின் 15 மில்லிகிராம் கொடுத்தார். 4 மாதங்களில் குரல்கள் நின்றன. ஊருக்குத் திரும்பிய மகன் அம்மான் கடையின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்த்துக் கொடுக்கிறார். ஆனால் 64 கிலோவாக இருந்தவர் 89 கிலோவாகிவிட்டார். இடுப்பளவு 104 சென்டிமீட்டர். சென்ற மாதப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, மூன்று மாதச் சர்க்கரை 6.2, ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 260. நள்ளிரவில் எழுந்து, வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் இருக்கும் பலகார டின்களைத் திறந்து தேன்குழலும் அதிரசமும் சாப்பிடுகிறார். காலை 10 மணிக்குத்தான் எழுகிறார். சோம்பேறியாகிவிட்டான் என்று உறவினர் பேசுவதைத் தாயால் தாங்க முடியவில்லை.

கோலாலம்பூரில் இருக்கும் அம்மான் மகன் சில காணொளிகளை அனுப்பியிருக்கிறார். மனநோய் என்பதே உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறுதான், அரிசியையும் சர்க்கரையையும் அடியோடு விட்டுக் கொழுப்பை உண்டால் மாத்திரையே வேண்டாம் என்று அவை சொல்கின்றன. மகன் 3 வாரமாக முட்டை, கறி, வெண்ணெய் மட்டுமே உண்கிறார். 10 நாட்களாக மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறார். மதுரை மருத்துவருக்கு இது தெரியாது. எடை 4 கிலோ குறைந்திருக்கிறது. “ராத்திரி 4 மணி நேரம்தான் தூங்குகிறான். ஆனாலும் சுறுசுறுப்பாக இருக்கிறான். பழைய பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருக்கிறது” என்று தாய் மகிழ்ந்து எழுதுகிறார். அதே பத்தியின் நடுவில், எதிர்வீட்டுக் கேமரா நம் முகப்பைப் பார்த்தபடி இருக்கிறதா என்று மகன் 2 முறை கேட்டதாக ஒரு வரி வருகிறது.

அவருடைய கேள்விகள் இவை: மாத்திரையை முழுவதும் நிறுத்திவிடலாமா? கூடாதென்றால் மகனுக்குத் தெரியாமல் பாலில் கலந்து கொடுக்கலாமா? தை மாதம் பெண் பார்க்கத் தொடங்குமுன் மாத்திரை இல்லாத பிள்ளையாக அவரை ஆக்க முடியுமா? கடைசியில் தம்மைப் பற்றி 3 வரிகள் எழுதியிருக்கிறார். 11 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு முதல் டாபாகிளிஃப்ளோசினும் சேர்ந்திருக்கிறது. கணவர் காலமான பிறகு புலால் உண்பதில்லை. பாதம் மரத்துப் போகிறது, எதிலும் நாட்டமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. மகனுக்குத் துணையாகத் தாமும் சோற்றை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள ஆச்சி,

நீங்கள் எந்த வரியை மகிழ்ச்சியோடு எழுதினீர்களோ, அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்குக் கவலை வந்தது. எனவே எடையையும் சர்க்கரையையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

ஓலன்சாபின் தூக்கத்தைத் தரும் மருந்து. அதைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால் தூக்கம் குறைவதும் பகல் மந்தம் விலகுவதும் எதிர்பார்க்கக் கூடியவையே. அந்தத் தெளிவு உங்களுக்கும் அவருக்கும் குணமடைந்ததுபோலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் மனச்சிதைவு நோய் மீண்டும் வரும்போது, குரல் கேட்பதற்குப் பல நாட்கள் அல்லது சில வாரங்கள் முன்னதாகவே தூக்கம் சுருங்குவதும், சிறு சந்தேகங்கள் எட்டிப் பார்ப்பதும் வழக்கம். 10 நாட்களாகப் பாதி மாத்திரை, 4 மணி நேரத் தூக்கம், எதிர்வீட்டுக் கேமராவைப் பற்றி 2 முறை கேள்வி ஆகிய மூன்றையும் நான் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் பூட்டிக் கிடக்கும் தங்கள் வீடுகளுக்குக் கேமரா வைப்பது இப்போது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. ஆகவே அது ஒரு சாதாரணக் கேள்வியாகவும் இருக்கலாம். ஆனால் இவருடைய நோய் தொடங்கியதே வேவு பார்க்கப்படுகிறோம் என்ற எண்ணத்தில்தான் என்பதால், அப்படி நினைத்துச் சும்மா இருந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்றே மதுரை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, மாத்திரை பாதியானதையும் மேலே சொன்ன மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த அளவுக்கு, எப்படித் திரும்புவது என்பதை அவர் சொல்லட்டும். அவரை அடைய முடியவில்லை என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வழி தெரியாமல் தடுமாறும் எந்த நேரத்திலும் டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416 தமிழிலேயே பதில் தரும். தூக்கம் மேலும் குறைந்தாலோ, சாப்பிடும் பொருளில் சந்தேகம் வந்தாலோ, தனியே பேசிக்கொண்டாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு வந்தாலோ மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

மகனிடம் இதைச் சொல்லும்போது “மாத்திரையைக் குறைத்ததால்தான் இப்படி” என்று குற்றம் சாட்டும் குரலில் தொடங்காதீர்கள். எடை கூடியது அவருடைய உடல். அந்த வேதனையை 3 ஆண்டுகளாகத் தனியே சுமந்தவர் அவர். “உன் எடைக்கு ஒரு வழி செய்யச் சொல்லி டாக்டரிடம் நானே பேசுகிறேன், அதுவரை மாத்திரையை அவர் சொன்னபடி போட்டுக்கொள்” என்று நீங்கள் சொன்னால், அது பொய்யும் ஆகாது, சண்டையும் ஆகாது.

மாத்திரை மட்டும்தான் காரணமா?

நீங்கள் எழுதியிருக்கும் முதல் அனுமானம், மாத்திரைதான் சர்க்கரையைக் கொண்டுவந்தது, மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரையும் போய்விடும் என்பது. இதில் பாதி சரி.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். மனச்சிதைவுக்கான மருந்துகளில் எடையை மிக அதிகமாகக் கூட்டுபவை க்ளோசாபினும் ஓலன்சாபினும். மூளையில் ஹிஸ்டமினுக்கும் செரோடோனினுக்கும் உரிய சில வாயில்களை இவை அடைத்துவிடுகின்றன. சளிக்குப் போடும் சில மாத்திரைகள் தூக்கத்தைத் தருவதும் இந்த ஹிஸ்டமின் வழியாகத்தான். வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராதபோது, இரவு உணவு முடிந்து 2 மணி நேரத்தில் மீண்டும் உண்மையான பசி எழும். நள்ளிரவில் பலகார டின்னைத் திறக்கும் கையை அந்தப் பசிதான் செலுத்துகிறது. நாக்கைக் கட்டத் தெரியாதவர் என்று அவரைச் சொல்வது அநியாயம். இதற்கு மேல், எடை கூடுவதற்கு முன்பே இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பதையும் ஓலன்சாபின் ஓரளவு குறைக்கிறது. காலை 10 மணிக்கு எழுவதில் ஒரு பங்கு மருந்தின் மயக்கம். இன்னொரு பங்கு நோயினுடையது: குரல்கள் நின்ற பிறகும், எதையும் தானாகத் தொடங்கும் ஊக்கத்தை மனச்சிதைவு நோய் பிடித்து வைத்திருக்கும். சோம்பேறி என்று சொல்லும் உறவினருக்கு இதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனி தவறான பாதி. மனநோய்க்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு இந்த மாத்திரைகளைவிட மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், நீண்ட துயரத்தைச் சர்க்கரை நோயின் காரணங்களில் ஒன்றாக எழுதினார். 1879இல் ஹென்றி மாட்ஸ்லி என்ற மனநல மருத்துவர், மனநோய் உள்ள குடும்பங்களில் சர்க்கரை நோயும் அடிக்கடி தென்படுவதைக் குறித்தார். மனச்சிதைவுக்கான முதல் மருந்தாகிய குளோர்புரோமசின் வந்ததே 1952இல்தான். ஒரு மாத்திரைகூட இன்னும் சாப்பிடாத, நோய் அப்போதுதான் தொடங்கிய இளைஞர்களிடமும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறிகள் காணப்படுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் மகனுக்கு இதோடு உங்கள் வழியாக வந்த குடும்ப வாகும் உண்டு. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணித்தது. அந்த முந்தைய நிலையில்தான் இப்போது உங்கள் மகன் நிற்கிறார். வெறும் வயிற்றில் 126ஐயோ மூன்று மாதச் சர்க்கரையில் 6.5ஐயோ தொட்டால்தான் சர்க்கரை நோய் என்போம். திரும்பி வரக்கூடிய இடத்தில்தான் இருக்கிறார்.

இந்த உறவு எப்படி ஏற்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் சொல்லப்போகும் வழிகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே சக்தி வரவுசெலவில் ஏற்படும் எந்தக் கோளாறும் மூளையைத் தொடாமல் போகாது. மனம் நெடுநாள் அச்சத்திலோ துயரத்திலோ இருக்கும்போது கார்டிசால் என்ற சுரப்பு ஏறியே இருக்கிறது. அது கல்லீரலைச் சர்க்கரையை வெளியிடத் தூண்டுகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கிறது. அப்படிச் சேர்ந்த கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அழற்சியை உண்டாக்கும் பொருள்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அவை மூளையை எட்டும்போது சோர்வும் நாட்டமின்மையும் கூடுகின்றன. சோர்ந்தவர் நடப்பதில்லை, தூங்குவது தாறுமாறாகிறது, தூக்கம் கெட்ட உடல் இன்சுலினுக்கு இன்னும் குறைவாகவே செவிசாய்க்கிறது. இந்தச் சக்கரத்தில் எது முதல், எது பின் என்று பிரிக்க முடியாது. எந்த இடத்தில் பிடித்து நிறுத்தினாலும் மற்ற இடங்களில் ஓரளவு வேகம் குறையும் என்பதுதான் நமக்குச் சாதகமான செய்தி.

அந்தக் காணொளிகளில் உள்ள உண்மை

உங்கள் அம்மான் மகன் அக்கறையில்தான் அனுப்பியிருக்கிறார். அதில் முற்றிலும் பொய்யான ஒன்றை அனுப்பிவிட்டார் என்றும் நான் சொல்ல மாட்டேன். மாவுப்பொருளை மிகவும் குறைத்துக் கொழுப்பை முதன்மையாக உண்ணும் கீட்டோஜெனிக் உணவு, வலிப்பு நோய்க்கு, குறிப்பாகக் குழந்தைகளின் வலிப்புக்கு, 1921 முதல் மருத்துவர்களின் மேற்பார்வையில் பயன்பட்டு வருகிறது. வலிப்புக்கு உதவும் சில மருந்துகள் மனநோய்க்கும் உதவுவதால், இந்த உணவும் உதவுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனச்சிதைவோ இருதுருவ மனநோயோ உள்ள 21 பேரிடம் 4 மாதங்கள் இதைச் செய்து பார்த்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். எடையும் சர்க்கரை தொடர்பான அளவுகளும் மேம்பட்டன; மனநிலையிலும் முன்னேற்றம் தெரிந்தது.

ஆனால் அந்த 21 பேரும் தங்கள் மனநல மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டே, மருத்துவர்களின் கண்காணிப்பில் அந்த உணவை உண்டார்கள். காணொளியிலிருந்து இந்த ஒரு வரி விடுபட்டுவிட்டால் மற்றதெல்லாம் வேறு பொருள் கொண்டுவிடுகிறது. அதோடு, அந்த உணவை உண்ணாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. ஆகவே முன்னேற்றத்தில் எவ்வளவு உணவால் வந்தது, எவ்வளவு கூடுதல் கவனிப்பால் வந்தது என்று பிரிக்க முடியாது. இது இன்னும் பெரிய அளவில் ஆராயப்பட வேண்டிய ஒரு நம்பிக்கை. இதை வைத்து மாத்திரையை ஓரமாக வைக்க எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

உங்கள் மகன் இந்த உணவைத் தொடர விரும்பினால் அதைத் தடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மருத்துவருக்குத் தெரிந்து, மாத்திரையோடு சேர்த்து, கொழுப்பு அளவுகளைப் பார்த்துக்கொண்டு செய்யலாம். 3 வாரத்தில் குறைந்த 4 கிலோவில் ஒரு பகுதி உடலிலிருந்து வெளியேறிய நீர் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் எடை அசையாமல் நிற்கும்போது மனம் உடைந்துபோவார். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: இருதுருவ மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் இப்படித் திடீரென்று உணவை மாற்றக் கூடாது. உடலில் நீரும் உப்பும் குறையும்போது இரத்தத்தில் லித்தியம் நச்சளவுக்கு ஏறிவிடலாம்.

எடைக்கு என்ன வழி

மதுரை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை 3 இருக்கின்றன.

முதலாவது, மருந்தை மாற்றுவது. அரிபிப்ரசோல், லுராசிடோன் போன்றவை எடையையும் சர்க்கரையையும் மிகக் குறைவாகவே தொடுகின்றன. ஆனால் ஒரு மருந்தில் குணமான ஒருவரை இன்னொன்றுக்கு மாற்றும்போது, புதியது அதே அளவு வேலை செய்யாமல் போகலாம். அரிபிப்ரசோலில் சிலருக்கு உட்காரவே முடியாத பரபரப்பு வரும். ஆகவே பழையதைப் படிப்படியாகக் குறைத்துப் புதியதைக் கூட்டி, பல வாரங்களில் செய்ய வேண்டிய வேலை இது. அறிகுறிகள் தலைகாட்டும் இந்த நேரத்தில் செய்வதைவிட, தூக்கம் சீரான பிறகு செய்வதே நல்லது. 15 மில்லிகிராம் அளவே இனியும் தேவையா என்றும் அப்போது கேளுங்கள். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் நலமாக இருந்தவர் அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் மருந்தை முற்றிலும் நிறுத்தியவர்களில் பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வேலை, படிப்பு, நம்பிக்கை என்று ஏதோ ஒன்று கையைவிட்டுப் போகிறது. எனவே குறைப்பதென்றால் மாதக் கணக்கில், மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, மெட்ஃபார்மின். நீங்கள் சாப்பிடும் அதே மாத்திரைதான். ஓலன்சாபின் போன்ற மருந்துகளால் கூடிய எடையை இது சராசரியாக 3 கிலோ அளவுக்குக் குறைக்கிறது, மேலும் கூடுவதையும் தடுக்கிறது. சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருக்கும் உங்கள் மகனுக்கு இதைக் கொடுக்க இரட்டைக் காரணம் உண்டு. சிறுநீரகச் சோதனை ஒன்றைப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம், விலையும் மிகக் குறைவு. செமாகுளுடைடு போன்ற வாராந்தர ஊசிகள் இன்னும் வலுவானவை; முதல் படிகள் பலிக்காவிட்டால் அதைப் பற்றிப் பேசலாம்.

மூன்றாவது, ஒழுங்கான கண்காணிப்பு. இந்த வகை மருந்தைத் தொடங்கும்போதே எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துவைத்து, 4, 8, 12ஆம் வாரங்களில் எடையையும், 12ஆம் வாரத்தில் சர்க்கரையையும் கொழுப்பையும் மீண்டும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கச் சர்க்கரை நோய்ச் சங்கமும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் 2004இலேயே சேர்ந்து வழிகாட்டின. உங்கள் மகனுக்கு 3 ஆண்டுகளில் சென்ற மாதம்தான் முதன்முறையாக இரத்தம் எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இது எங்கள் தரப்பின் குறை. அதை நான் மழுப்ப விரும்பவில்லை. நான் பயிற்சி பெற்ற மனநலப் பிரிவிலேயே அந்நாளில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்ததில்லை. குரல் நின்றுவிட்டதா, தூங்குகிறாரா என்று கேட்டு அனுப்பிவிடுவோம். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவற்றில் மிகப் பல இதயம், சர்க்கரை போன்ற, தடுத்திருக்கக் கூடிய உடல்நோய்களால் நேர்பவை. அந்த எண்ணை அறிந்த பிறகு இடுப்பை அளக்கும் நாடா இல்லாமல் நான் மருந்து எழுதுவதில்லை. இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இடுப்பளவு இருக்க வேண்டும். மகனுக்கு 104 என்பதால் ஒரேயடியாக 14ஐக் குறைக்கப் பார்க்காதீர்கள். முதல் இலக்காக எடையில் 5 சதவீதம், அதாவது 4 முதல் 5 கிலோவை நிலையாகக் குறைத்தாலே சர்க்கரையிலும் கொழுப்பிலும் மாற்றம் தெரியும்.

வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சில சொற்கள். பலகார டின்களுக்குப் பூட்டுப் போடாதீர்கள். பூட்டியது தெரிந்தால் அவமானம்தான் மிஞ்சும். ஒரு மாதத்துக்கு வீட்டில் பலகாரம் சுடாமல் இருங்கள், வந்ததை வளவில் பகிர்ந்து கொடுத்துவிடுங்கள். இரவுப் பசி வரும் என்று தெரிந்தே அதற்கென ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ, அவித்த முட்டையோ, கொய்யாவோ எடுத்து வையுங்கள். கருப்பட்டியும் வெல்லமும் உடலுக்கு நல்லது என்று எண்ணிக் கும்மாயமும் கந்தரப்பமும் கொடுத்து வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரத்தத்தில் சேர்ந்த பிறகு அவையும் சர்க்கரைதான். கவுனி அரிசியும் அப்படியே: கறுப்பு நிறத்தில் நல்ல பொருள்கள் உண்டு என்றாலும், சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்த்துக் கிண்டியபின் அது இனிப்பே. வெண்டைக்காய் மண்டி, கீரை மசியல், மீன் குழம்பு, நாட்டுக்கோழி எல்லாம் தாராளமாக இருக்கட்டும். அவற்றோடு வைக்கும் சோற்றின் அளவுதான் குறைய வேண்டும். காலையில் பணியாரமும் இடியாப்பமும் இருந்த இடத்தில் வாரத்தில் பாதி நாட்களாவது பாசிப்பயற்று அடை இருக்கலாம். இதை ஒரு தண்டனையாக ஆக்காமல், வீட்டில் எல்லோருக்கும் அதே சமையல் என்று வைத்துக்கொண்டால் அவர் தனித்துவிடப்பட மாட்டார்.

நடையை இரவு உணவுக்குப் பிறகு வையுங்கள். 15 நிமிடம் ஊருணிக் கரையில் நடந்தால் போதும். சாப்பிட்டவுடன் தசைகள் வேலை செய்யும்போது, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற அளவை நோக்கி மெல்லப் போகலாம். “நீ போய் நட” என்று சொல்வதைவிட, “எனக்குத் துணையாக வா” என்று நீங்கள் அழைத்தால் அவர் வருவார் என்று நினைக்கிறேன். தானாகத் தொடங்குவதுதான் அவருக்குக் கடினம், கூட வருவது அவ்வளவு கடினமில்லை.

பாலில் கலப்பதும் பெண் பார்ப்பதும்

பாலில் கலந்து கொடுக்க வேண்டாம். ஒருநாள் தெரிந்துவிடும், சந்தேகமே நோயின் வடிவமாக இருக்கும் ஒருவருக்கு, தாய் கொடுத்த பாலில் உண்மையாகவே ஏதோ இருந்தது என்று தெரிவதைவிடப் பெரிய கேடு வேறில்லை. சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, முடிவெடுக்கும் திறன் உள்ள வயதுவந்தவருக்குத் தம் சிகிச்சையைத் தாமே தீர்மானிக்க உரிமை உண்டு. மருந்தின் பக்கவிளைவுகளைப் புரியும் மொழியில் கேட்டறியவும், மருத்துவப் பதிவுகளைப் பெறவும் உரிமை உண்டு. நோய் முற்றி அந்தத் திறன் குறையும் நாளில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை இப்போதே எழுதி வைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. தூக்கம் சீரானதும் மகனும் நீங்களும் மருத்துவரோடு உட்கார்ந்து இதை எழுதுங்கள். “எடையைக் கூட்டும் மருந்து எனக்குக் கடைசி வழியாகவே இருக்க வேண்டும்” என்று அவரே எழுதலாம். தம் குரலுக்கு மதிப்புண்டு என்று தெரிந்தவர் மாத்திரையை ஒளித்து உடைக்க மாட்டார்.

திருமணத்தைப் பற்றி: தை மாதத்தைக் கெடுவாக வைத்து மருந்தைக் குறைக்காதீர்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நல்ல இல்லறம் நடத்துபவர்கள் என்னிடம் வருபவர்களிலேயே பலர். மறைத்துச் செய்தால், நோய் பற்றிய உண்மையை மறைத்துச் சம்மதம் பெற்றதாகச் சொல்லி அந்தத் திருமணத்தையே ரத்து செய்யக் கோரி நீதிமன்றம் போக முடியும். அதைவிட, மருமகளாக வருபவருக்குத் தெரியாமல் ஒளிந்து மாத்திரை போட வேண்டிய வாழ்வில் அவர் விரைவில் மாத்திரையை விட்டுவிடுவார். எப்போது, யாரிடம் சொல்வது என்பதை மகனே முடிவு செய்யட்டும், சம்மதம் கேட்குமுன் சொல்லியாக வேண்டும் என்பது மட்டும் மாறக் கூடாது.

உங்களைப் பற்றிய 3 வரிகள்

நீங்கள் சோற்றை அடியோடு விடவே கூடாது. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை. அதைச் சாப்பிட்டுக்கொண்டு மாவுப்பொருளை நிறுத்தினால், இரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இருப்பதால் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். மகனுக்குத் துணையாகச் சோற்றின் அளவைக் கொஞ்சம் குறையுங்கள், அதுவும் உங்கள் சர்க்கரை மருத்துவரைக் கேட்டுவிட்டு. ஏற்கெனவே விட்டிருந்து, குமட்டலோ வாந்தியோ வயிற்றுவலியோ மூச்சுவாங்கலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த மாத்திரையின் பெயரை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

பாதம் மரத்துப் போவதையும், நாட்டமின்மையையும், அழுகையையும் வயதின் மேலும் கவலையின் மேலும் போட்டுவிட்டீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அதற்கு மேல், மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடும்போது வைட்டமின் பி12 குடலில் உறிஞ்சப்படுவது குறைகிறது. அந்த வைட்டமின் இயல்பாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்து மட்டுமே. நீங்கள் புலாலையும் விட்டுவிட்டீர்கள். பி12 குறைந்தால் பாதம் மரக்கும், களைப்பு வரும், மனமும் சோரும். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டாலும் பாதம் மரக்கும். தைராய்டு குறைந்தாலும் மனம் சோரும். இவற்றில் எது என்பதை ஊகித்துச் சத்து ஊசி போட்டுக்கொள்ளாமல், பரிசோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாம் சரியாக இருந்து, 2 வாரங்களுக்கு மேலாக இந்த நாட்டமின்மை நீடித்தால், அது சிகிச்சை தர வேண்டிய மனச்சோர்வு. கணவரை இழந்த துயரமும் 3 ஆண்டுகளாக ஒற்றைக் கையால் மகனைப் பார்த்துக்கொண்ட களைப்பும் அதில் சேர்ந்திருக்கும். வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அன்றே 14416ஐ அழையுங்கள், மகனுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மகனுக்குத் தூக்கம் சீரானதும், அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு அவரை அழைத்துச் செல்லும் காலையில் நீங்களும் வெறும் வயிற்றோடு போங்கள். பி12, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரகச் சோதனை ஆகிய நான்கையும் உங்கள் பெயரில் எழுதி வாங்கி, அவருக்கு எடுக்கும் அதே இடத்தில் உங்களுக்கும் எடுத்துவிடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.